அத்திம்பேரின் ரெக்கார்ட் பிளேயரும் என் பொறுமையும்

ஸ்ரீரங்கத்தில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையை நினைத்தால் எனக்குச் சாப்பாடு ஞாபகம் வருவதில்லை. பழைய செய்தித்தாளை விரித்து, அதன் மேல் கவிழ்த்துப் போட்ட ஒரு ரெக்கார்ட் பிளேயர்தான் ஞாபகம் வருகிறது. கனமான சுழல் தட்டைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்திருக்கும். மோட்டார், ஸ்பிரிங், நெம்புகோல் என்று வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் வெளியே தெரியும். எதிர் நாற்காலியில் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அத்திம்பேர் உட்கார்ந்திருப்பார். நான் ஒரு திருகாணியைத் தொட்டால், "பாத்துடா" என்பார். கழற்றி எடுத்துவிட்டால், "நான் சொன்னேனோல்லியோ" என்பார். என்ன சொன்னார் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கார்த்திகையில் ஆரம்பித்து மாசி வரைக்கும் என் சனிக்கிழமைகளை அந்தப் பெட்டி தின்று தீர்த்தது. அதை இப்போது எழுத உட்கார்ந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுத வேண்டியிருக்கிறது.

நான் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டீசல் என்ஜின்களைப் பிரித்துக் கோத்த கை. அதனாலேயே சொந்தக்காரர்கள் யார் வீட்டில் மிக்ஸி நின்றாலும், தண்ணீர் மோட்டார் முனகினாலும் எனக்குத்தான் போன் வரும். என்ஜினுக்கும் மிக்ஸிக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் யோசிப்பதில்லை. என் வீடு எடமலைப்பட்டி புதூரில் இருக்கிறது. அங்கிருந்து ஸ்ரீரங்கம் போவதென்றால் பாலக்கரை நெரிசலில் ஊர்ந்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நாலா பக்கமும் வந்து விழும் பஸ்களுக்குத் தப்பி, காவிரிப் பாலம் ஏறி இறங்க வேண்டும். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு இறங்கும்போது இடுப்பு தனியாக ஒரு குரல் கொடுக்கும். அப்படிப் போய்ச் சேர்ந்தவனை வாசலிலேயே நிறுத்தி, "ஏன்டா இவ்வளவு நாழி?" என்று கேட்பவர் அத்திம்பேர்.

என் அக்காவின் கணவர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். ஆனால் ஸ்ரீரங்கத்தில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது கணக்கு இல்லை, காதுதான். முறையாகப் பாட்டுக் கற்றுக்கொண்டவரில்லை. நாலு பேர் முன்னால் பாடியதும் இல்லை. இருந்தாலும் கச்சேரி ஆரம்பிக்கும் முன் தம்பூராவை மீட்டிவிட்டு, முன்வரிசையில் இருக்கும் அவர் முகத்தைப் பாடகர்கள் ஒரு தடவை பார்த்துக்கொள்வார்கள். அவர் கண்ணை மூடித் தலையை லேசாக ஆட்டினால் சுருதி சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். புருவம் சுருங்கினால் மறுபடி தந்தியை முறுக்கும் பிருடையைத் திருகுவார்கள். அந்தக் காதின் மேல் அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை. கல்யாண வீட்டு நாதஸ்வரத்திலிருந்து பால்காரர் சைக்கிள் மணி வரைக்கும் எது எந்த ஸ்வரத்தில் ஒலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பார். கேட்கும் எங்களுக்கு அலுத்துப்போகும்.

ஒரு கார்த்திகை மாதக் காலையில் அக்கா போன் செய்தாள். "அத்திம்பேர் பரண்லேர்ந்து அந்த ரெக்கார்ட் பிளேயரை எறக்கி வெச்சிண்டிருக்கார்டா. சரியாப் பாடலையாம். நீ வந்து கொஞ்சம் பாரேன்" என்றாள். அவர்களுக்குக் கல்யாணமான புதிதில் வாங்கிய பெட்டி அது. தேக்கு மரக்கூடு, உள்ளேயே ஒலிபெருக்கி, பாட்டு முடிந்ததும் முள் பொருத்திய கை தானாக எழும்பித் தன் இடத்துக்குத் திரும்பும் ஏற்பாடு. கேசட் வந்ததும் பரணுக்குப் போனது. திடீரென்று இப்போது அது எதற்கு என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. திருகுளிகளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பெட்டி சீக்காய்த்தான் இருந்தது, அதை மறுப்பதற்கில்லை. உள்ளே போட்டிருந்த கிரீஸ் காய்ந்து அரக்காகியிருந்தது. மோட்டாரின் அச்சு முக்கி முனகித்தான் சுற்றியது. கை பாதிப் பாட்டிலேயே எழுந்து வீட்டுக்குப் போனது; சில சமயம் பாட்டு முடிந்தும் போக மாட்டேன் என்று உட்கார்ந்து கரகரவென்று தேய்த்தது. அன்றைக்கு எல்லாவற்றையும் பிரித்து, மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, புது எண்ணெய் விட்டுக் கோத்தேன். தட்டு சுழன்றது. ஒரு பழைய வாய்ப்பாட்டு இசைத்தட்டைப் போட்டோம். குரல் எழுந்தபோது எனக்கே சிலிர்த்தது. அக்கா சமையலறையிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்துச் சிரித்தாள். அத்திம்பேர் மட்டும் முகத்தைச் சுளித்தார்.

"சுருதி சேரலேடா. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் நிழல் மாதிரி கூடவே இன்னொண்ணு ஒட்டிண்டு வரது."

சரி, தட்டு ஒரே சீராகச் சுற்றவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அந்த மாதிரிப் பெட்டிகளில் மோட்டார் நேராகத் தட்டைச் சுற்றுவதில்லை. மோட்டாரின் அச்சுக்கும் தட்டின் விளிம்புக்கும் நடுவில் ரப்பர் சுற்று போட்ட ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். அது இரண்டையும் உரசிக்கொண்டு ஓடித் தட்டைத் தள்ளும். அந்தச் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். வருஷக்கணக்காக ஒரே இடத்தில் அழுந்தி நின்றதில் ரப்பர் கல்லாக இறுகி, ஓரிடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. பள்ளம் வரும்போதெல்லாம் தட்டு ஒரு தடவை தடுக்கும். கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குச் சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்துக்கு அடுத்த சில வாரங்கள் அலைந்தேன். அந்தச் சக்கரம் இப்போது எங்கே கிடைக்கும்? கடைசியில் பாலக்கரைப் பக்கம் அச்சக உருளைகளுக்கு ரப்பர் போட்டுக் கொடுக்கும் பட்டறை ஒன்று அகப்பட்டது. பட்டறைக்காரர் சக்கரத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது என்னங்க சார், பொம்மைக் கார் டயரா?" என்றார். விளக்கினேன். "பண்ணிரலாங்க, செவ்வாக்கிழமை வாங்க" என்றார். எந்தச் செவ்வாய்க்கிழமை என்று அவர் சொல்லவில்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. பல செவ்வாய்கள் போய் வந்து, ஒருவழியாகப் புது ரப்பர் போட்டுக் கடைந்து கையில் கொடுத்தார். வேலை என்னவோ அருமையாக இருந்தது. பொருத்தினேன். தட்டு வெண்ணெயில் வழுக்குவது போல ஓடியது. இசைத்தட்டைப் போட்டேன்.

"ரப்பர்காரன் சக்கரத்தைப் பெரிசாப் பண்ணிட்டான். அதான் வேகம் மாறிடுத்து" என்றார் அத்திம்பேர்.

நடுவில் இருக்கும் சக்கரம் பெரிதானாலும் சிறிதானாலும் தட்டின் வேகம் மாறாது. மோட்டார் அச்சின் பருமனும் தட்டின் விளிம்பும்தான் வேகத்தைத் தீர்மானிக்கும் என்று காகிதத்தில் படம் போட்டுக் காட்டினேன். கணக்கு வாத்தியார் அந்தப் படத்தைப் பார்த்தார், தாடையைத் தடவினார், கணக்கு சரி என்றார். "ஆனா சுருதி சேரலியே" என்றார். நான் திருகுளியை மேசை மேல் கொஞ்சம் ஓசையாகவே வைத்தேன்.

அந்தப் பெட்டியோடு கூட, ஓரத்தில் வட்டமாகக் கறுப்புக் கோடுகள் அச்சடித்த ஒரு அட்டைத் தட்டு வந்திருந்தது. அதைச் சுழலும் தட்டின் மேல் வைத்து, மின்விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். விளக்கு நம் கண்ணுக்குத் தெரியாமல் விட்டுவிட்டு எரிவதால், வேகம் சரியாக இருந்தால் கோடுகள் அசையாமல் நிற்பது போலத் தெரியும். வேகம் கூடினால் முன்னால் நகரும், குறைந்தால் பின்னால் நகரும். வாதத்துக்கே இடமில்லாத சாட்சி. ஆனால் அக்கா வீட்டில் எல்லா விளக்கையும் எல்.இ.டி.யாக மாற்றியிருந்தார்கள். புது விளக்கு வெளிச்சத்தில் கோடுகள் மொத்தமாகக் கலங்கிச் சாம்பல் வளையமாகத்தான் தெரிந்தன. பழைய சோக் போட்ட டியூப்லைட்தான் இதற்குச் சரிப்படும். என் வீட்டுப் பின்கட்டில் ஒன்று இருந்தது. அடுத்த சனிக்கிழமை அதைச் சோக் பொருத்திய பட்டியோடு கழற்றிப் பழைய புடவையில் சுற்றி, ஸ்கூட்டரில் எனக்கும் கைப்பிடிக்கும் நடுவில் குறுக்குவாட்டில் செருகிக்கொண்டு காவிரிப் பாலத்தில் போனேன். என்னைத் தாண்டிப் போன ஒவ்வொருவரும் ஒரு தடவை திட்டினார்கள். "பெரிசு, வேல் எடுத்துட்டு எங்க போறீங்க?" என்று பஸ் படிக்கட்டிலிருந்து ஒருவன் கத்தினான்.

டியூப்லைட்டை ஜன்னல் கம்பியில் கட்டி எரியவிட்டேன். தட்டைச் சுழலவிட்டேன். கோடுகள் நின்றன. ஆணியடித்தது போல நின்றன. அத்திம்பேர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நிமிர்ந்து சொன்னார்:

"கரண்டே தப்பா வரதுடா. மோட்டாரும் அதே கரண்ட்ல ஓடறது, விளக்கும் அதே கரண்ட்ல எரியறது. ரெண்டும் சேர்ந்து தப்புப் பண்ணினா கோடு நிக்கத்தானே நிக்கும்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அதில் பாதி, அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்ததால் வந்தது. தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, கைபேசியில் நேரம் வைத்துச் சுற்றுகளை எண்ணிக் காட்டினேன். வேகம் சரி. "சரி, வேகம் சரி" என்றார். "முள் தேஞ்சிருக்கும்." புது முள் வரவழைத்துப் போட்டேன். "கை கனமா உக்கார்றது." கனத்தைக் குறைத்தேன். "இசைத்தட்டே நெளிஞ்சிருக்கு." வேறு தட்டு போட்டேன். வேறு தட்டிலும் நிழல் கேட்டது அவருக்கு. அந்த நிழல் எனக்குக் கேட்கவில்லை, அக்காவுக்குக் கேட்கவில்லை, ஒருநாள் மணியார்டர் கொடுக்க வந்து பாட்டைக் கேட்டு நின்ற தபால்காரருக்கும் கேட்கவில்லை. "உங்களுக்கெல்லாம் காது அவ்வளவுதான்" என்றார் அத்திம்பேர்.

அன்றைக்கு நான் சமையலறைக்குள் போய் அக்காவிடம் வெடித்தேன். "இனிமே என்னைக் கூப்பிடாதே. அந்தப் பெட்டியைக் காவேரியில போடச் சொல்லு. இத்தனை வருஷம் பரண்ல கெடந்தது இப்போ எதுக்கு வேணும் அவருக்கு?"

அக்கா அடுப்பைத் தணித்துவிட்டு, கூடத்துப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னாள். எனக்கு அதுவரை தெரியாத சங்கதி. நவராத்திரியின்போது அவர்கள் பெண் கொலுவுக்கு வந்து பாடினாள். என் மருமாள், ஒரே பெண். திருச்சி கே.கே. நகரில் இருக்கிறாள். வீட்டில் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறாள். அன்றைக்கு அவளிடம் கற்றுக்கொள்ளும் குழந்தைகளும் அவர்களுடைய அம்மாக்களும் கூட வந்திருந்தார்கள். பல்லவி முடியவில்லை, அத்திம்பேர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். "சுருதி எங்கேயோ போறது. இந்த லட்சணத்துல நீ நாலு குழந்தைகளுக்குச் சொல்லியும் குடுக்கறே" என்றார். நாற்பதை நெருங்கும் பெண். அத்தனை பேர் எதிரில். அவள் எழுந்து, சுண்டலைக்கூட வாங்கிக்கொள்ளாமல் போனவள்தான். அப்புறம் சில அம்மாக்கள் குழந்தைகளை அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். அத்திம்பேர் சாயங்காலம் கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்து வந்து, அம்மாவை மட்டும் பார்த்துவிட்டு அவர் திரும்புவதற்குள் அவள் கிளம்பிவிடுகிறாள்.

"எனக்கு அவ பாட்டு நன்னாத்தான் இருந்ததுன்னு சொன்னேன்டா. உனக்கு என்ன தெரியும், ஒழுங்கான சுருதின்னா என்னன்னு ரெக்கார்டைப் போட்டுக் காட்டறேன் பாருன்னுதான் பெட்டியை எறக்கினார். போட்டார். அதுவும் சேரலைங்கறார்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பெட்டியில் கோளாறு இருக்கிறவரைக்கும் பெண்ணிடம் சொன்னது சரி. பெட்டி சரிதான் என்று ஒப்புக்கொண்டால், அவர் கேட்டதுதான் தப்பு, பெண்ணும் சரியாகத்தான் பாடியிருக்கிறாள் என்று ஆகிவிடும். இவருக்கு அந்தப் பெட்டி ரிப்பேராகவே இருந்தாக வேண்டும். அதற்கு நான் புடவையில் டியூப்லைட்டைச் சுற்றிக்கொண்டு பாலம் பாலமாகத் திரிந்திருக்கிறேன். காபியைக்கூடக் குடிக்காமல் கிளம்பினேன். "அடுத்த சனிக்கிழமை அந்த மோட்டாரை ஒரு தடவை..." என்று அவர் ஆரம்பித்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

சில வாரங்கள் போகவில்லை. பிறகு என் டியூப்லைட் ஞாபகம் வந்தது. மாசி மாதச் சனிக்கிழமை, கழற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்று போனேன். அத்திம்பேர் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, தலை ஈரத்தோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். குளிக்கும்போது வலது காதில் தண்ணீர் போய்விட்டது என்று ஒரு பெரிய பஞ்சுருண்டையைக் காதில் அடைத்திருந்தார். நான் வந்ததைக் கவனிக்காமல் இசைத்தட்டை வைத்து முள்ளை இறக்கினார். பாட்டு எழுந்தது. நான் ஸ்டூலில் ஏறி ஜன்னல் கம்பியிலிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

"அடடா" என்று குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அத்திம்பேர் கண்ணை மூடிக்கொண்டு தலையை லேசாக ஆட்டிக்கொண்டிருந்தார். கச்சேரி முன்வரிசையில் பார்த்த அதே முகம். அதைப் பார்த்து எவ்வளவோ காலமாகிவிட்டது என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. கொஞ்ச வருஷமாக அவர் சபாவுக்குப் போவதையே விட்டுவிட்டார். இந்தக் காலத்துப் பாடகர்கள் யாருக்கும் சுருதி இல்லை என்று காரணம் சொல்வார்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "வந்துட்டியா? இன்னிக்குத்தான்டா சரியாப் பாடறது. என்ன பண்ணினே?"

"நான் ஒண்ணுமே பண்ணலே அத்திம்பேர். இப்போதான் உள்ளே நுழையறேன்."

"நெஜமாவா?"

"தொடவே இல்லை."

அவர் பெட்டியைப் பார்த்தார். கை தானாகக் காதுக்குப் போனது. பஞ்சை எடுத்தார். முகம் சுருங்கியது. மறுபடி பஞ்சை வைத்தார். சுருக்கம் போனது. பஞ்சை எடுத்துவிட்டு, இந்தத் தடவை இடது காதை விரலால் அடைத்துக்கொண்டு, ஒலிபெருக்கிப் பக்கம் வலது காதைச் சாய்த்துக் கேட்டார். அந்த முகத்தை நான் எப்படிச் சொல்வது? தன் வீடு என்று நினைத்து வேறு யார் வீட்டுக்குள்ளோ நுழைந்துவிட்ட மனிதர் மாதிரி இருந்தது. பாட்டு முடிந்து, கை எழும்பி, ஒழுங்காகத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. நான் ஸ்டூலிலிருந்து இறங்கினேன். இத்தனை மாதம் நான் சேர்த்து வைத்திருந்த கோபத்தை எடுத்துக் கொட்டுவதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. டியூப்லைட்டைச் சுவரோரம் சாய்த்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

தில்லைநகரில் ஒரு காது டாக்டரிடம் நான்தான் அழைத்துப் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, விதவிதமான ஒலிகளைக் கேட்க வைத்தார்கள். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "வலது காதுல உள் நரம்பு பலவீனமாயிருக்குங்க ஐயா. ஒரே சத்தம் இந்தக் காதுல ஒரு மாதிரியும் அந்தக் காதுல வேற மாதிரியும் கேக்கும். சாதாரணமாப் பேசறவங்களுக்கு இது தெரியவே தெரியாது. உங்களுக்கு சங்கீத ஞானம் இருக்கறதால தெரிஞ்சிருக்கு." குணமாகுமா என்று அத்திம்பேர் கேட்கவில்லை. "இது எப்போலேர்ந்து இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். திட்டமாகச் சொல்ல முடியாது, ஓரிரண்டு வருஷமாகவே மெதுவாக வந்திருக்கலாம் என்றார் டாக்டரம்மா. அத்திம்பேர் தலையாட்டினார். ஆட்டோவில் திரும்பும்போது பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்றன. காவிரி மணலைப் பார்த்துக்கொண்டே வந்தவர், "அப்போ நவராத்திரிக்கு முன்னாடியே" என்றார். எனக்குச் சொன்ன மாதிரி இல்லை.

இதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைத்தேன். பெண்ணுக்கு ஒரு போன், ஒரு வார்த்தை, முடிந்தது. அத்திம்பேரை எனக்கு இத்தனை வருஷமாகத் தெரிந்தும் அப்படி நினைத்தேன் பாருங்கள். ஒரு வாரம் போயிற்று, ஒரு மாதம் போயிற்று. "பேசினேளா?" என்றால், "பேசலாம்" என்பார். "நான் வேணும்னா அவகிட்ட சொல்லட்டுமா?" என்று அக்கா கேட்டதற்கு, "யாரும் ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்று சீறினார். போனைக் கையில் எடுத்துக் கொடுத்தால் சார்ஜ் இல்லை என்பார். அவள் வரும் நேரத்தில் வீட்டிலேயே இருங்களேன் என்றால், அன்றைக்கு மட்டும் கோயிலில் கூடுதல் நேரம் இருந்துவிட்டு வருவார். ரெக்கார்ட் பிளேயராவது, ஒரு கோளாறைச் சரிசெய்தால் அந்தக் கோளாறு போய்விடும். இந்த மனிதருக்கு எந்த இடத்தில் எண்ணெய் விடுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஒருநாள் தாங்க முடியாமல், "தப்புன்னு தெரிஞ்சப்புறமும் வாயைத் திறக்காம இருக்கேளே, அவ என்ன பாவம் பண்ணினா?" என்று கத்திவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "போன்ல சொல்ற விஷயமாடா அது?" என்றார். "நான் அவகிட்ட தனியாவா சொன்னேன்? அத்தனை பேர் முன்னாடின்னா சொன்னேன்."



சித்திரை வெயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, அவரே போன் செய்தார். அவர் எனக்குத் தானாகப் போன் செய்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். "வண்டியை எடுத்துண்டு வா. கே.கே. நகர் போகணும்." போனேன். சலவை வேஷ்டி, சட்டை, மேலே அங்கவஸ்திரம் என்று கச்சேரிக்குப் போகிறவர் மாதிரி வாசலில் நின்றுகொண்டிருந்தார். வழி முழுக்க, வண்டியை மெதுவாக ஓட்டு, ஓரமாகப் போ, ஹாரன் அடி என்பதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை.

என் மருமாள் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துக் குழந்தைகள் உட்கார்ந்திருந்தார்கள். முன்னை விடக் கூட்டம் குறைவுதான். சுவரோரம் சில அம்மாக்கள். வாசலில் எங்களைப் பார்த்ததும் அவள் பாடுவதை நிறுத்திவிட்டு எழுந்தாள். முகத்தில் சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை. இன்றைக்கு என்ன சொல்லப் போகிறாரோ என்ற பயம்தான் இருந்தது. "வாங்கோப்பா, வாங்கோ மாமா" என்றாள். "உள்ளே உக்காருங்கோ, கிளாஸை முடிச்சுட்டு வந்துடறேன்."

அத்திம்பேர் உள்ளே போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, அம்மாக்கள் பக்கம் திரும்பினார். வகுப்பில் பாடம் சொல்கிற குரலில் பேசினார்.

"நான் இவளோட தோப்பனார். நவராத்திரிக்கு எங்காத்துக்கு வந்தவா இங்க சில பேர் இருக்கேள். அன்னிக்கு இவ பாடறச்சே சுருதி சேரலேன்னு நான் நிறுத்தினேன். நான் சொன்னது தப்பு. இவ சரியாத்தான் பாடினா. எனக்கு வலது காது கெட்டுப்போயிருக்கு. டாக்டர் பார்த்துச் சொல்லியாச்சு. அது தெரியாம இவளைச் சொல்லிட்டேன். அதைக் கேட்டுண்டு குழந்தைகளை நிறுத்தினவாகிட்ட நீங்க இதைச் சொல்லணும். நானும் சொல்றேன், எந்தாத்துக்கு வேணும்னாலும் வந்து சொல்றேன்."

பாடகர்கள் திரும்பிப் பார்க்கும் அந்தக் காது இனிமேல் இல்லை என்று தன் வாயாலேயே ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தச் செய்தி சாயங்காலத்துக்குள் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போய்விடும் என்று அவருக்கும் தெரியும். அவர் கை அங்கவஸ்திரத்தின் நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தது.

என் மருமாள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனையோ கேட்கலாம் அவள். நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் கேட்டிருப்பேன். "எவ்வளவு நாளாப்பா இப்படி?" என்றாள். "வலிக்கறதா?"

"வலியெல்லாம் இல்லே. நீ கிளாஸை நடத்து."

அவள் பக்கத்தில் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் தன் வலது காது அவள் பக்கம் இருப்பதைக் கவனித்தார். எழுந்து, நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு, குழந்தைகளின் கால்களுக்கு நடுவில் பார்த்துப் பார்த்து அடி வைத்து, அவளுக்கு அந்தப் பக்கம் போய்ப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு பாடினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

இதெல்லாம் நடந்து சில மாதங்கள் ஆகிவிட்டன. நின்றுபோன குழந்தைகளில் சிலர் திரும்பி வந்தார்கள், சிலர் வரவில்லை. அவள் இப்போது வாரம் ஒருமுறை ஸ்ரீரங்கம் வருகிறாள், அவர் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்தே வருகிறாள். கச்சேரிகளுக்கு அவரை யாரும் முன்வரிசைக்கு அழைப்பதில்லை. அவரும் போவதில்லை. சாயங்காலங்களில் வலது காதைக் கையால் பொத்திக்கொண்டு ரெக்கார்ட் பிளேயருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். பெட்டி ஒரு குறையுமில்லாமல் பாடிக்கொண்டிருக்கிறது. போன வாரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு மனசு ஆறவில்லை. பெண்ணிடம் சொன்னார், ஊரிடம் சொன்னார். அத்தனை சனிக்கிழமைகள் அலைந்த என்னிடம் இதுவரை ஒரு வார்த்தை இல்லை. கேட்டே விட்டேன்.

"அத்திம்பேர், இப்பவாவது சொல்லுங்கோ. பெட்டி அன்னிக்கே சரியாயிடுத்துதானே?"

பாட்டு முடிந்து முள் எழும்பியது. பிறகு காதிலிருந்து கையை எடுத்தார்.

"அந்த ரப்பர் சக்கரத்துல பள்ளம் இருந்ததோல்லியோ? அது நெஜந்தானே?" என்றார். "அந்தத் தட்டைத் திருப்பிப் போடு."